துப்பு துலக்க நீலகிரிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

நீலகிரியில் ஒரு காவல் நிலையத்துக்கு எஸ்.ஐ.யாகவோ கிரைம் டீம் காவலராகவோ முதல் முறை வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மகஜர் (சம்பவ இடக் குறிப்பு) எழுதுவது, கைரேகை எடுக்க ஆள் கூப்பிடுவது, எஃப்.ஐ.ஆர். போடுவது எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒரு வழக்கை எப்படி யோசிப்பது என்பதை மட்டும் யாரும் தனியாக உட்கார வைத்துச் சொல்வதில்லை. நான் அதை ஒரு பையனுக்குத் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஊர்க் கோயில். காலையில் பூசாரி போனபோது கதவு பிளந்து கிடந்தது. விளக்குக்கு வைத்திருந்த எண்ணெய் டின் கவிழ்ந்து தரையெல்லாம் எண்ணெய். உண்டியல் காலி. நான் போய்ச் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கூட வந்த ஏட்டு ஒரு பெயரைச் சொன்னார். பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டுப் பையன், முன்பு ஒரு மோட்டார் திருட்டில் பெயர் அடிபட்டவன். கூட்டி வரச் சொன்னேன். "ராத்திரி ஃபேக்டரியில ஷிப்ட்டுங்க சார்" என்றான். எல்லாரும் சொல்கிற பேச்சுதானே என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. மத்தியானம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். அவன் அம்மா வேலைக்கும் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கடைசியில் தொழிற்சாலைக்கு ஒரு போன் போட்டேன். இரவு பத்து முதல் காலை ஆறு வரை வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருந்தது.

மறுபடி கோயிலுக்குப் போனேன். கதவில் நீளமாக நகக் கீறல்கள். ஊர்க்காரர்கள் காலையிலிருந்தே "கரடிதாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம், நான்தான் கேட்கவில்லை. எண்ணெய்க்கும் நெய்க்கும் கரடி கோயில் கதவையும் கடைக் கதவையும் உடைப்பது கோத்தகிரி, குன்னூர் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அப்பாடா, ஆளே இல்லாத வழக்கு என்று கிளம்பப் பார்த்தேன். அப்புறம்தான் உண்டியல் பூட்டைக் கையில் எடுத்தேன். பூட்டு நெளியவில்லை, உடையவில்லை. ரம்பப் பிளேடால் நேராக அறுத்திருந்தது.

ஒரே நாளில் இரண்டு தடவை தப்புச் செய்தேன். முதலில் 'அந்தப் பையன்', அடுத்து 'கரடி'. முதலில் மனதில் வந்து உட்கார்ந்த விடையை எழுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் இரண்டுக்கும் காரணம். கீழே சொல்லும் படிகள் எல்லாமே இந்த ஒரு பழக்கத்தை உடைப்பதற்காக நான் வைத்துக்கொண்டவை.

முதல் படி: 'யார்' என்று கேட்பதைத் தள்ளிப் போடுங்கள்

ஸ்பாட்டுக்குப் போனதும் முதல் அரை மணி நேரம் யார் பெயரையும் நோட்டில் எழுதாதீர்கள். 'என்ன நடந்தது' என்பதற்கு மட்டும் குறைந்தது மூன்று விளக்கம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு கேள்வி: இது உண்மையானால் இங்கே வேறு என்ன இருந்தாக வேண்டும்? எது இருக்கவே கூடாது?

கோயில் விஷயத்தையே எடுங்கள். கரடி மட்டும் என்றால் கீறலும் சிந்திய எண்ணெயும் இருக்க வேண்டும், அறுத்த பூட்டு இருக்கக் கூடாது. ஆள் மட்டும் என்றால் நகக் கீறலுக்கு இடமில்லை. இரண்டும் இருக்கிறது, அப்படியானால் மூன்றாவது விளக்கம்: கரடி கதவை உடைத்துப் போன பிறகு ஓர் ஆள் உள்ளே வந்திருக்கிறான். இப்போது தரையைப் பாருங்கள். சிந்திக் கிடந்த எண்ணெயின் மேல் கம்பூட்ஸ் என்கிற ரப்பர் காலணியின் தடம் ஒன்று இருந்தது. எண்ணெய் கொட்டிய பிறகு வந்த கால். காலையில் நானும் அதைப் பார்த்தேன், ஊர்க்காரர் யாரோ மிதித்தது என்று தாண்டிப் போனேன். விளக்கத்தை எழுதிவைத்துப் பார்த்தால்தான் தடம் தடமாகத் தெரிகிறது.

இந்த மாதிரி யோசனை எவ்வளவு பெரிய விஷயத்துக்கும் பொருந்தும் என்பதை நம் மலையிலேயே பார்த்தோம். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்தது. விழுந்த அன்றே டீக்கடைக்கு டீக்கடை ஒரு காரணம் ஓடியது, சதி என்றுகூடப் பேசினார்கள். முப்படை விசாரணைக் குழு அப்படி எந்தக் காரணத்தையும் பிடித்துக்கொள்ளவில்லை. பறப்புத் தரவுப் பதிவுக் கருவி, விமானி அறையின் குரல் பதிவு, நேரில் பார்த்தவர்களின் சாட்சியம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தது. இயந்திரக் கோளாறு, நாச வேலை, அலட்சியம் மூன்றையும் விலக்கியது. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததும், விமானிக்குத் திசை உணர்வு தப்பியதும்தான் காரணம் என்று 2022 ஜனவரியில் சொன்னது. ஒன்றைச் சொல்வதற்கு முன் மற்றவற்றை விலக்கிக் காட்டினார்கள் பாருங்கள், அந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தடயம் விஷயத்தில் இந்த மலைக்கு மட்டும் ஓர் அவசரம் உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி படிந்த புல்லில் பதிந்த காலடி, வெயில் ஏறினால் போயிற்று. மழைக் காலத்தில் அதுகூடத் தங்காது. தடயவியல் ஆட்கள் மலைப்பாதையில் வந்து சேர்வதற்குள் ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து மூடி வையுங்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆவது பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளியாகப் பதிவு செய்தாக வேண்டும். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் ஸ்பாட்டுக்கு வர வேண்டும் என்கிறது 176(3).

இரண்டாம் படி: வழக்கு வருவதற்கு முன்பே மலையைப் படியுங்கள்

சமவெளியில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைச் சாதாரணமாக நினைப்பார்கள். நீலகிரி ஒரு வீடு மாதிரி, வாசல்கள் எண்ணி முடிக்கக்கூடியவை. மேட்டுப்பாளையம் இறங்க பர்லியார் வழி, கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வழி, மஞ்சூரிலிருந்து கெத்தை வழி. மைசூருக்குக் கக்கநல்லா, நிலம்பூருக்கு நாடுகாணி, வயநாட்டுக்குப் பந்தலூர்ப் பக்கத்துச் சோதனைச்சாவடிகள். முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு வாசலிலும் ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது, பதிவேடு யார் கையில், இரவில் யார் பணியில் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சாலையே சில பொய்களை உடைத்துவிடும். பந்திப்பூர் காட்டுப் பாதை இரவு 9 மணி முதல் காலை 6 வரை கார் போன்ற சாதாரண வண்டிகளுக்கு மூடல். "ராத்திரி பதினோரு மணிக்குக் கார்ல குண்டலுப்பேட்டை போயிட்டேன்" என்று கூடலூர்க்காரர் ஒருவர் சொன்னால், எந்த வழியாக என்று கேளுங்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது, அதிலும் வண்டி எண் கிடைக்கும். நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 வண்டிகளுக்கு அது தேவையில்லை என்பதையும் மறக்காதீர்கள். இ-பாஸ் பட்டியலை மட்டும் வைத்துத் தேடினால் நீங்கள் வெளியூர்க்காரர்களை மட்டுமே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

செல்போன் டவரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மலையில் சிக்னல் பள்ளத்தாக்குக்குள் இறங்காமல் எதிர் மேட்டில் போய் விழும். ஆள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து டவர் கிடைக்காமல், தூரத்து மேட்டு டவர் பிடிக்கும். பந்தலூர் எல்லையில் கேரளத்து டவரே பிடிப்பது உண்டு. சி.டி.ஆரில் (போன் அழைப்புப் பதிவில்) ஒரு டவர் பெயரைப் பார்த்ததும் 'ஆள் அங்கேதான் இருந்தான்' என்று எழுதிவிடாதீர்கள். அவன் இருந்ததாகச் சொல்லும் இடத்துக்கு அதே நிறுவனத்தின் சிம்மோடு போய், எந்த டவர் பிடிக்கிறது என்று பாருங்கள். வாட்ஸாப் படம், சிசிடிவி பதிவு எதுவானாலும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63(4) கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழை அப்போதே வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கலாம் என்று விட்டுக் கோர்ட்டில் தலைகுனிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

என் அனுபவத்தில் நல்ல துப்பறிவாளருக்கு உள்ள குணங்களில் முதலாவது இதுதான். கூர்மையான கண், ஞாபக சக்தி எல்லாம் இதற்குப் பிறகுதான் வருகின்றன.

முதலில் மொழி. இந்த மாவட்டத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள், ஒவ்வொருவருக்கும் அவர்கள் பேச்சு. படுகர்களின் ஊர்களான ஹட்டிகளில் படுகு. கூடலூர், பந்தலூரில் மலையாளமும் கன்னடமும் கலந்து வரும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் தமிழுக்கு ஒரு தனி வாடை உண்டு. இப்போது எஸ்டேட் லைன்களில் ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நிறைய. அவர்களிடம் விசாரிக்கும்போது பெரும்பாலும் நாம் என்ன செய்வோம்? எஸ்டேட் சூப்பர்வைசரை மொழிபெயர்க்கச் சொல்வோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சம்பளம் போடுகிறவர் பக்கத்தில் நின்றால் எந்தத் தொழிலாளி வாய் திறப்பார்? வேறு எஸ்டேட்டிலிருந்தோ, பள்ளியிலிருந்தோ ஒருவரைத் தேடிக் கூட்டி வாருங்கள், அரை நாள் போனாலும் பரவாயில்லை.

அடுத்தது இடம். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட பையன்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோய் உள்ளவர்கள் ஆகியோரை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும் என்று அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்வதற்காக மட்டும் இல்லை. தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி சொல்வதில் பாதியைக்கூட ஸ்டேஷன் நாற்காலியில் சொல்ல மாட்டார்.

பிறகு கேள்வி கேட்கிற விதம். இதை ஒரு சோதனையோடு சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே அதைப் படித்தபோதுதான் உறைத்தது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் கார் மோதல் படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஐம்பது பேரிடம் "கார்கள் இடித்தபோது என்ன வேகம்" என்று கேட்டார்கள். வேறு ஐம்பது பேரிடம் "நொறுங்க மோதியபோது என்ன வேகம்" என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் குழுவில் 7 பேரும் இரண்டாம் குழுவில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. ஒரே ஒரு வினைச்சொல் சாட்சியின் ஞாபகத்துக்குள் கண்ணாடித் தூளைக் கொட்டிவிட்டது. அப்படியிருக்க "அந்தச் சிவப்பு ஸ்வெட்டர் ஆள் எந்தப் பக்கம் ஓடினான்" என்று நாம் கேட்டால், ஸ்வெட்டரையும் சிவப்பையும் ஓட்டத்தையும் நாமே கொடுத்துவிடுகிறோம். "என்ன பார்த்தீங்க, முதல்ல இருந்து சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் நிறுத்தினாலும் கொஞ்சம் பொறுங்கள், பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் விஷயம் வரும். முழுதும் சொன்ன பிறகு பின்னாலிருந்து முன்னால் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். மறந்த துண்டுகள் அப்போது வரும்.

நேரத்தைக் கடிகாரத்தில் கேட்டால் சாட்சி உங்களைத் திருப்திப்படுத்த ஒரு மணியைச் சொல்லிவிடுவார். அவர் வாழ்கிற நேரத்தில் கேளுங்கள். ஃபேக்டரி சங்கு ஊதியதா? கொழுந்து எடை போட்டாச்சா? கடைசி பஸ் போயிருந்ததா? இவை எல்லாவற்றுக்கும் எங்கேயோ ஒரு பதிவு இருக்கும், எஸ்டேட் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில், டெப்போவில், தொழிற்சாலையில். சாட்சியின் சொல்லை அந்தப் பதிவோடு வைத்துப் பார்க்கலாம்.

பனிமூட்டத்தில் ஆளைப் பார்த்ததாக யாராவது சொன்னால், அதே நேரத்தில், அதே மாதிரி மூட்டம் இறங்கிய நாளில், அவர் நின்ற இடத்தில் நில்லுங்கள். ஒரு காவலரை நடக்கச் சொல்லிக் காலடிகளை எண்ணுங்கள். முகம் எத்தனையாவது அடியில் மறைகிறது, உருவம் எத்தனையாவது அடியில் கரைகிறது என்று எழுதுங்கள். சாட்சி பொய் சொல்லியிருக்க மாட்டார், உருவத்தைப் பார்த்துத் தெரிந்த முகத்தை அவர் மனமே ஒட்டியிருக்கும்.

நான்காம் படி: உங்கள் முடிவை நீங்களே உடைத்துப் பாருங்கள்

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியிலும் மான்செஸ்டரிலும் 1975 முதல் 1980 வரை 13 பெண்கள் கொல்லப்பட்டார்கள். 1979இல் 'நான்தான் கொலைகாரன்' என்று ஒருவன் பேசிய ஒலிநாடா போலீசுக்கு வந்தது. குரலில் சண்டர்லாந்து வட்டாரப் பேச்சு. அந்தப் பேச்சு இல்லாதவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து கழித்துவிட்டார்கள். நாடா பொய். உண்மையான கொலைகாரன் பீட்டர் சட்க்ளிஃப்பை ஒன்பது தடவை விசாரித்து விட்டிருந்தார்கள். பேச்சு வழக்கை வைத்து ஆளைக் கழிப்பது, சேர்ப்பது இரண்டும் நம் மாவட்டத்தில் தினமும் நடப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அவன் பிடிபட்ட விதமும் நமக்குப் பாடம். 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில் ரோந்துப் போலீசார் போலி நம்பர் பிளேட்டுக்காக ஒருவனைப் பிடித்தார்கள். ஒதுங்க வேண்டும் என்று கேட்டுச் சிறிது தள்ளிப் போய் வந்தான். அடுத்த நாள் அந்தச் சின்ன விஷயம் சார்ஜன்ட் ராபர்ட் ரிங்கின் மனதை அரித்தது. திரும்ப அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தார், எண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால் சுத்தியலும் கத்தியும் கிடந்தன.

அறிவியல் தடயம் இருந்தால் யோசிக்க வேண்டாம் என்றும் எண்ணாதீர்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் மூன்று நாடுகளிலும் சுமார் 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. பல வருடம் தேடினார்கள். 2009இல் தெரிந்தது, தடய மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த பெண்ணுடையது அது. கொலைக்கும் சின்னத் திருட்டுக்கும் ஒரே ஆள் எப்படி என்று வழக்குகள் பொருந்தாமல் உறுத்தியபோதே, கையிலிருக்கும் குச்சியைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

எனக்கு உதவியது ஒரு எளிய ஏற்பாடு. வழக்கில் சம்பந்தப்படாத ஒரு காவலரை உட்கார வைத்து, எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரி என்னைக் கேள்வி கேட்கச் சொல்வேன். வயதில் சின்னவராக இருந்தால் இன்னும் நல்லது, பதவிக்குப் பயப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், நேரில் பார்த்தவர் இல்லாத வழக்கில் வரும் சூழ்நிலைச் சாட்சியத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தது. கிடைத்த உண்மைகள் குற்றம் சாட்டப்பட்டவரே செய்தார் என்பதோடு மட்டும் பொருந்த வேண்டும், வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் தரக் கூடாது என்பது அதன் சாரம். நீங்கள் முதல் படியில் எழுதிய மூன்று விளக்கமும் இங்கேதான் திரும்ப வேலைக்கு வரும். மீதி இரண்டையும் எதை வைத்து விலக்கினீர்கள் என்று காட்ட முடிகிறதா?

அடித்து வாங்கும் ஒப்புதலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று சாக்ஷிய அதிநியம் 23ஆவது பிரிவு சொல்கிறது, அதன் மூலம் கண்டெடுத்த பொருள் அளவுக்கு மட்டும் விலக்கு. சட்டம் ஒரு பக்கம். அடி வாங்குகிறவன் அடி நிற்பதற்காக நீங்கள் கேட்க விரும்புவதைச் சொல்வான், நீங்கள் ஏற்கெனவே நினைத்த தப்பு உங்களிடமே சாட்சியமாகத் திரும்பி வரும். அதற்குமேல் விசாரணை நின்றுவிடும். அந்தப் பையனை நான் அடிக்கவில்லை. ஆனால் இன்னும் இரண்டு மணி நேரம் அந்தப் போனைப் போடாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

சந்தேகம் முதலில் லைன் வீட்டுக்கும் பழங்குடிக் குடியிருப்புக்கும் வடநாட்டுத் தொழிலாளிக்கும்தான் போகிறது. உங்கள் பட்டியலில் முதலில் வந்த பெயர் எதனால் வந்தது என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். ஸ்பாட்டில் கிடைத்த ஏதாவது ஒன்று அந்தப் பெயரைக் காட்டியதா, அல்லது யாரோ வாயில் வந்ததா? பட்டியல் இனத்தவரோ பழங்குடியினரோ பாதிக்கப்பட்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வருகிற வழக்கில், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். அதைக் காரணம் காட்டி முதல் தகவலைப் பதியாமல் தாமதிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: இரவில் மூன்று வரி

கேஸ் டைரி தனி. அது போக, சொந்த நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். படுப்பதற்கு முன் மூன்று வரி: எனக்கு என்ன தெரியும், அது எனக்கு எப்படித் தெரியும், இன்னும் யாரிடம் எதைக் கேட்கவில்லை. இரண்டாவது வரியில் 'ஏட்டு சொன்னார்', 'ஊரில் பேசிக்கொண்டார்கள்' என்று வந்தால், முதல் வரியிலிருந்து அதை அடித்துவிடுங்கள்.

கோயில் வழக்கு மூன்றாம் நாள் முடிந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய சில்லறையைக் கொண்டு வந்து நோட்டாக மாற்றிப் போன ஆளை டீக்கடைக்காரர் ஒருவர் சொன்னார். அதே ஊர்க்காரர்தான், விடியற்காலையில் கோயில் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் பிளேடு எடுத்து வந்திருக்கிறார். கம்பூட்ஸ் அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. டீக்கடைக்காரரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி, "இந்த வாரம் கடையில வழக்கத்துக்கு மாறா ஏதாவது நடந்துச்சா?"

அன்று ராத்திரிதான் முதல் தடவையாக அந்த மூன்று வரியை எழுதினேன். மூன்றாவது வரியில் 'தொழிற்சாலைக்குப் போன்' என்று எழுதி, பக்கத்தில் காலை ஏழரை என்று நேரமும் போட்டேன். நான் அதைச் செய்திருக்க வேண்டிய நேரம் அது. அந்த அம்மா அப்போது ஸ்டேஷன் வாசலுக்கே வந்திருக்கவில்லை.